ஒற்றை சீட்டு வண்டி

ஞானாபரணத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் பதினோரு வருடம் ரசாக் பாயின் முதுகைப் பார்த்தபடியே வேலைக்குப் போனவர். குனியமுத்தூரில் இருவருக்கும் அடுத்தடுத்த வீதி. ஆர்.எஸ்.புரத்தில் இருவருக்கும் ஒரே பட்டுக்கடை. ரசாக் மூன்றாவது மாடியில் தையல் பிரிவு. புடவைக்கு ஃபால்ஸ் வைப்பார், ரவிக்கையைப் பிரித்து அளவு கூட்டிக் குறைத்துத் தருவார். ஞானாபரணம் கீழே ஸ்டாக் ரூமில் பார்சல் பிரித்து, எண்ணி, ஸ்டிக்கர் ஒட்டி மேலே அனுப்புகிறவர். காலை ஒன்பது மணிக்கு ரசாக்கின் பழைய நூறு சிசி வண்டி மாதா சிலை வைத்த கெபி முனையில் வந்து நிற்கும். "ஏறுங்க ஞானம்" என்பார். இவர் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார். ஏழு கிலோமீட்டர். உக்கடத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்னால் அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, வந்த பிறகு இருபது நிமிடம்.

இவரும் ஒரு காலத்தில் வண்டி வைத்திருந்தவர்தான். மகள் ஜெனிதாவை நர்சிங் சேர்த்த வருடம் அதை விற்றுவிட்டார். "இன்னொண்ணு வாங்கற வரைக்கும் நம்ம வண்டில வாங்க. எப்படியும் நான் அந்த வழியாத்தானுங்க போறேன்" என்றார் ரசாக். ஜெனிதா படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகி ஓசூர் போய்ச் சேர்ந்தாள். அந்த 'வரைக்கும்' மட்டும் முடியவில்லை. பெட்ரோலுக்கென்று எதையாவது நீட்டினால் ரசாக்குக்கு முகம் சுருங்கிவிடும். "தனியா போனாலும் அதே பெட்ரோல்தானுங்க" என்பார். நோன்பு மாதத்தில் ஒரு தூக்குக் கஞ்சி இங்கே வரும். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் அங்கே போகும். அத்தோடு சரி.

இத்தனை வருடம் ஒருவர் வண்டியில் ஓசியில் போகிறவனுக்கு நன்றி இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் நன்றிக்குப் பக்கத்து அறையிலேயே இன்னொன்றும் குடியிருந்தது. ரசாக் கிளம்பினால்தான் இவர் கிளம்ப முடியும். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பெண்ணின் ரவிக்கை கடைசி நேரத்தில் வந்து நிற்கும். ரசாக் மேலே மெஷினில் இருப்பார். இவர் கீழே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகிற எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார். கடையில் இவருக்குப் பெயரே 'பின்சீட்டு'. "என்னங்க பின்சீட்டு, இன்னும் போகலீங்களா?" என்று நேற்று வேலைக்குச் சேர்ந்த பில் கவுண்டர் பெண்கூடக் கேட்கும். இவர் சிரித்துக்கொள்வார். அதெல்லாம் சிரிப்பில் சேர்த்தி இல்லை.

போன ஜூன் மாதம் ரசாக்குக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. ஒரு மாதமாகவே வண்டி அங்கங்கே உரசிக்கொண்டிருந்தது. கண் டாக்டர் என்னென்னவோ மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் பிரஷர் ஏறியிருக்கிறது, ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்.

"நேரா பாத்தா எறும்புகூடத் தெரியுதுங்க ஞானம். ஓரத்துலதான் ஒண்ணுந் தெரியறதில்ல. ஊசில நூல் கோக்கலாமாமா. வண்டிய மட்டும் தொடக்கூடாதாமா" என்று ரசாக் சிரித்துக்கொண்டே சொன்னார். வண்டி சோமனூரில் இருக்கும் மருமகனுக்குப் போய்விட்டது.

அவர் எதையும் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்கிற ஆளும் இல்லை அவர். வார்த்தை கொடுத்தது ஞானாபரணம்தான். கடைக்கு எதிரே டீக்கடையில், கையில் பன்னோடு, யாரும் கேட்காமலே கொடுத்தார்.

"அதுக்கென்னங்க பாய்! நான் ஒரு வண்டி எடுத்துப்போடறேன். பதினோரு வருஷம் நீங்க கூட்டிட்டுப் போனீங்க. இனி நம்ம முறைங்க."

ரசாக்கின் முகம் மலர்ந்ததை இவர் பார்த்தார். பார்த்து மகிழவும் செய்தார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் வண்டி பார்க்கும் படலம். ஸ்கூட்டர் வாங்கச் சொன்னாள் மனைவி இருதயம்மாள். காய்கறிப் பையை முன்னால் வைத்துக்கொள்ளலாம், அவளும் ஒருக்களித்து உட்காரலாம். கடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பேட்டரி வண்டி என்றான் ஒருவன், பழைய வண்டியே போதும் என்றான் இன்னொருவன். ஞானாபரணம் எல்லோருக்கும் தலையாட்டினார். மனது மட்டும் லாலி ரோடு சிக்னலில் ஒருநாள் பார்த்த வண்டியிலேயே நின்றுகொண்டிருந்தது. வட்ட விளக்கு, முட்டை வடிவ டேங்க், கம்பி போட்ட சக்கரம், பழுப்பு நிறத் தோல் சீட்டு. பார்த்தால் அந்தக் காலத்து மோஸ்தர், உள்ளே எல்லாம் புதுசு. இளவட்டங்கள் வாங்குகிற அந்தப் பெரிய கனத்த வண்டியும் இல்லை. சின்ன எஞ்சின், லிட்டருக்கு ஐம்பது தாண்டும் என்றார்கள்.

"போக வர பதினாலு கிலோமீட்டர் அம்மணி. அதுக்கு இது போதும். கனமில்ல, பெட்ரோலுங் குடிக்காது" என்று வீட்டில் எடுத்துச் சொன்னார். மைலேஜ், மைலேஜ் என்று நூறு முறை சொன்னார். தான் அந்த வண்டியில் எப்படித் தெரிவோம் என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்ததைச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை ஷோரூமுக்குத் தனியாகப் போனார். அங்கே மானசா என்கிற பெண் வண்டியைச் சுற்றிக் காட்டினாள். நல்ல பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"இதுல ரெண்டு மாடல் இருக்குதுங்க சார். ஒண்ணு ரெண்டு பேர் உக்கார்ற நீள சீட்டு. இன்னொண்ணு சிங்கிள் சீட்டு, பின்னால கேரியர் வரும். விலை ஒண்ணுதானுங்க. ரெண்டுமே ரெடியா இருக்குது."

இவர் நீள சீட்டு வண்டியில் உட்கார்ந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒற்றை சீட்டில் உட்கார்ந்தார். அதில் உட்கார்ந்ததும் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. யாரும் இல்லை, யாரும் வரவும் முடியாது. யாருக்காகவும் ஸ்டூலில் காத்திருக்க வேண்டாம். எதிரே இருந்த கண்ணாடியில் ஒரு மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை 'பின்சீட்டு' என்று எவனும் கூப்பிட முடியாது.

"பின்னால யாராச்சும் ஏறுவாங்களா சார்?" என்று மானசா கேட்டாள். ஃபாரத்தில் எழுதுவதற்காகக் கேட்டாள், அவ்வளவுதான்.

"இல்லீங்க" என்றார் ஞானாபரணம். "ஒத்தை சீட்டே போட்டுடுங்க."

அந்த நிமிடம் ரசாக் நினைவுக்கு வரவில்லை என்றால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வந்தது. நன்றாக, முகத்தோடு வந்தது. வந்த பிறகும் சொன்னார்.

மறுநாள் டீக்கடையில் ரசாக் ஆவலாக, "என்னங்க, புக் பண்ணியாச்சுங்களா?" என்று கேட்டபோது பொய் தானாக வந்து நின்றது.

"பண்ணிப்போட்டேனுங்க பாய். ஆனா ரெண்டு பேர் சீட்டு ஸ்டாக்கு இல்லீங்களாமா. மூணு மாசம் ஆகுமாமா. இப்போதைக்கு ஒத்தை சீட்டுத்தான் தருவாங்களாமா. வந்ததும் மாட்டிக்கலாம்னாங்க."

"அதனால என்னங்க. பஸ்ஸு இருக்குதுங்களே" என்றார் ரசாக். டீ காசை அன்று அவரே கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து ஃபாதர் வண்டியை மந்திரித்தார். தீர்த்தத் துளிகள் டேங்கின் மேல் முத்து முத்தாக நின்றன. ரசாக் ஒரு பெட்டி இனிப்போடு வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். மந்திரித்து முடித்து வண்டி வெளியே வந்ததும் அதைச் சுற்றி வந்து பார்த்தார். நேராகப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் ஒவ்வொரு இடமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சீட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"தையல் நல்லா போட்டிருக்கானுங்க. ரெட்டைத் தையல்" என்றார்.

இருதயம்மாள் இனிப்பை வாங்கிக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏனுங்க, பாய் எங்கீங்க உக்காருவாரு?"

"மூணு மாசத்துல சீட்டு வந்துரும்" என்று அவளிடமும் அதே பொய்யைச் சொன்னார். ஒருமுறை சொன்ன பொய்யை இரண்டாம் முறை சொல்ல சிரமமே இல்லை.

முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார், மறுக்க முடியாது. மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் பெரிய குளத்துக் காற்று சட்டைக்குள் புகுந்தது. கடைக்குக் கீழே நிறுத்தினால் பில் கவுண்டர் பெண்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'பின்சீட்டு' என்ற பெயர் இரண்டே நாளில் மறைந்தது. வேலை முடிந்த அடுத்த நிமிடம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம். போனார். மேலே ரசாக்கின் மெஷின் ஓடுகிற சத்தம் ஸ்டாக் ரூம் வரைக்கும் கேட்கும். கேட்காத மாதிரி போனார்.

இரண்டாவது வாரம்தான் ஆரம்பித்தது. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். ரசாக் அங்கே எட்டரை மணிக்கே நிற்பார். கையில் டிபன் பை, சுத்தமாகத் தேய்த்த சட்டை. பஸ் வந்தால் எந்தப் பஸ் என்று பார்க்கத் தலையை முழுக்கத் திருப்புவார், பார்ப்பதற்குள் பஸ் பத்தடி தாண்டி நிற்கும், பிள்ளைகள் முண்டியடித்து ஏறுவார்கள், அவர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஒருநாள் ஞானாபரணம் வண்டியை நிறுத்தி, "பாய், பஸ்ஸு இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், இதைக் கேட்பதற்கு நிறுத்தாமலே போயிருக்கலாம் என்று பட்டது. "வந்துருமுங்க, நீங்க போங்க, உங்களுக்கு நேரமாச்சு" என்றார் ரசாக்.

மறுநாள் இவர் நிறுத்தவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு அந்த ஸ்டாப்பை வேகமாகத் தாண்டினார். தாண்டிய பிறகு ஒன்று தோன்றியது. ரசாக்குக்குத்தான் ஓரப் பார்வை கிடையாதே, எப்படியும் தன்னைப் பார்த்திருக்க மாட்டார். அப்படி ஒரு ஆறுதல் தனக்கு வந்ததே என்று நினைத்ததும் ஞானாபரணத்துக்குத் தன் மேலேயே அருவருப்பாகிவிட்டது. அன்று ஸ்டாக் ரூமில் ஐம்பது புடவைக்குத் தப்பான ஸ்டிக்கர் ஒட்டினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. மெயின் ரோட்டையே விட்டுவிட்டார். காலையில் கோவைப்புதூர் பக்கம் திரும்பி, பேரூர் போய், அங்கிருந்து செல்வபுரம் வழியாக ஆர்.எஸ்.புரம் வந்து சேர்ந்தார். ஏழு கிலோமீட்டர் பதின்மூன்று ஆனது. சிக்கனத்துக்கென்று வாங்கிய வண்டி, ஒரு பஸ் ஸ்டாப்பைப் பார்க்கப் பயந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போடுவது இரண்டு மடங்கானபோது இருதயம்மாள், "மைலேஜ் தருமுன்னீங்களே?" என்றாள். "புது வண்டி அம்மணி, போகப் போக சரியாயிரும்" என்றார். பாவம், அந்த வண்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசியில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போய் முழங்காலிட்டார். "கோபப்பட்டேனுங்க சாமி. பொய் சொன்னேன். ரெண்டு வாட்டி பூசைக்குப் பிந்தி வந்தேன்" என்று பொய்யை நடுவில் வைத்து நகர்த்திவிட்டார். "வேற?" என்று கேட்டார் ஃபாதர். "வேற இல்லீங்க சாமி." மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் பரிகாரமாகக் கிடைத்தது. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. ரசாக்குக்கு வண்டி கிடைக்கவில்லை. இந்தச் சங்கதி ஞானாபரணத்துக்குத் தெரிந்திருந்ததால் கோயிலிலிருந்து வந்தபோது போனதைவிடக் கனமாக வந்தார்.

எத்தனையோ முறை ஷோரூம் வாசல் வரை போனார். போய் சீட்டை மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் மூன்று மாதம் என்று சொன்ன சீட்டு ஒன்றரை மாதத்தில் எப்படி வந்தது என்று சொல்வது? மூன்று மாதம் முழுசாக ஆகட்டும், நவம்பரில் மாற்றிவிடலாம், அப்போது யாருக்கும் சந்தேகம் வராது என்று முடிவு செய்துகொண்டார். தன் பொய்க்கு மரியாதை கொடுத்து ரசாக்கை இன்னும் ஒன்றரை மாதம் ரோட்டில் நிறுத்தலாம் என்று ஒரு மனிதர் நிதானமாக உட்கார்ந்து தீர்மானித்தார். கெட்ட மனிதரும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அக்டோபர் பிறந்தது. தீபாவளி சீசன். கடையில் நேரத்தை மாற்றினார்கள்: காலை ஒன்பதுக்கு உள்ளே இருக்க வேண்டும், இரவு பத்துக்குத்தான் வெளியே. மூன்று நாள் பிந்தினால் அரை நாள் சம்பளம் வெட்டு. முதல் வாரத்திலேயே ரசாக்குக்கு அது விழுந்தது. சனிக்கிழமை மாலை அவர் மெதுவாகப் படியிறங்கி ஸ்டாக் ரூமுக்கு வந்தார். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

"என்னங்க பாய் இது?"

"நேத்து ராத்திரி ஆத்துப்பாலத்துல ரோடு தாண்டறப்ப ஒரு பைக்குக்காரன் பக்கத்துல வந்தது தெரியலீங்க. கைய லேசா தட்டிட்டுப் போயிட்டான். எலும்புக்கு ஒண்ணுமில்ல." கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்தக் கைய வெச்சுத்தானுங்க சோறு. அதனால நின்னுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலிருந்து வரலீங்க. ஊட்டுலயே ஒரு மெஷின போட்டுட்டு ஏதாச்சும் தைச்சுக்கறேன்."

ஞானாபரணத்தின் கையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. "பாய்…" என்றார். ரசாக் அவர் தோளில் தட்டிவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று ஞானாபரணம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே கிளம்பினார். நேராக ஷோரூம். மானசா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். நீள சீட்டு அலமாரியிலேயே இருந்தது. கேரியரைக் கழற்றி, சீட்டை மாட்டி, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கக் கட்டையும் பொருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு போல்ட். நான்கே நான்கு போல்ட்டுக்காக இவ்வளவும் நடந்திருக்கிறது.

"முதல்லயே இத எடுத்திருக்கலாம்ங்களே சார்" என்றாள் மானசா, சாதாரணமாக.

"எடுத்திருக்கலாம்ங்க அம்மணி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருதயம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷோரூமில் சொன்ன 'இல்லீங்க'விலிருந்து, பேரூர் சுற்றுவரை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "நானுந்தான் அன்னைக்குக் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டனே" என்றாள். பிறகு, "போயிச் சொல்லிப்போடுங்க. சுத்தி வளைக்காதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ரசாக் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். ரசாக் லுங்கியும் பனியனுமாக வெளியே வந்தார். வேலைக்குப் போகாத காலை அவருக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். வண்டியைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி சீட்டை முழுதாகப் பார்த்தார்.

"அட, சீட்டு வந்துருச்சுங்களா!"

இதோ கதவு திறந்திருக்கிறது. ஆமாம் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஞானாபரணம் ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வரலீங்க பாய். அன்னைக்கே இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னேன். உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

வீதியில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தெரியுமுங்க" என்றார் ரசாக்.

"எப்படிங்க?"

"உக்கடத்துல சீட்டு தைக்கற நம்ம ஷாநவாஸ் இருக்கானுங்கல்ல, அவன்கிட்டப் போயிருந்தேன். நீங்க மூணு மாசம்னீங்களே, அது வரைக்கும் நாமளே ஒண்ணு தைச்சு மாட்டிரலாமான்னு கேக்கப் போனேன். அவன்தான் சொன்னான், அது ஷோரூம்லயே ரெடியா இருக்கும், கேட்டா அன்னைக்கே மாட்டித் தருவாங்கன்னு. வண்டி வந்த ரெண்டாவது வாரம்."

ஞானாபரணத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி 'பஸ் வரலீங்களா' என்று கேட்ட நாளில் இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான், உங்களுக்கு நேரமாச்சு போங்க என்றிருக்கிறார்.

"ஏனுங்க பாய், அப்பவே ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்ங்களே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அன்னைக்கே…"

"கேக்கலாம்னுதான் இருந்தேனுங்க. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். பதினோரு வருஷம் எனக்காகக் காத்திருந்து காத்திருந்து போயிருக்கீங்க. கொஞ்ச நாளைக்குத் தனியாத்தான் போகட்டுமேன்னு தோணுச்சு. நீங்களாத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்." கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டார். "வந்துட்டீங்க. கொஞ்சம் பிந்திப்போச்சு."

இதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம். ஞானாபரணத்துக்குக் கண் கலங்கியது. தெருவில் நின்று அழ வெட்கப்பட்டு, "கிளம்புங்க பாய். மேனேஜர்கிட்ட நான் பேசறேன். காலைல கூட்டிட்டுப் போயி ராத்திரி ஊட்டுல விடறது என் பொறுப்பு" என்றார்.

ரசாக் மறுக்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "எப்படியும் வரணும்ங்க. என்ற கத்தரிக்கோல், அளவு டேப்பு, டப்பா எல்லாம் அங்கதான் கெடக்குது" என்றார். வண்டி மெயின் ரோட்டு வழியாகவே போனது. பள்ளம் வந்தால் மெதுவாக ஓட்டினார், வளைவில் இன்னும் மெதுவாக. பின்னால் ரசாக்கின் கை தோள்மேல் இருந்தது. கனமான கையும் இல்லை. ஆனால் கடை வரும்வரை அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது மாடியில், ஜன்னலோரம் இருந்த ரசாக்கின் மெஷினில் வேறொரு தையல்காரர் உட்கார்ந்து ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தார். சீசன் நேரம், மெஷின் சும்மா நிற்க முடியாது, ஞாயிற்றுக்கிழமையே ஆள் எடுத்துவிட்டோம் என்றார் மேனேஜர். ஞானாபரணம் என்னென்னவோ பேசினார். தான் கொண்டு வந்து விடுவதாகச் சொன்னார், தன் பேரில் தப்பு என்று சொன்னார், கெஞ்சவும் செய்தார். "பொங்கலுக்கப்பறம் பாக்கலாம்ங்க" என்றார் மேனேஜர் மரியாதையாக. அப்படி மரியாதையாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ரசாக் புது ஆளிடம் போய் அந்த மெஷின் எங்கே நூல் அறுக்கும், எப்படி இழுத்தால் அறுக்காது என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு தன் சாமான்களை ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞானாபரணம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார். ரசாக் இறங்கி, பையை வாசற்படியில் வைத்தார். சீட்டை ஒருமுறை தட்டிப் பார்த்து, "நல்ல வண்டிங்க. தூக்கிப் போடறதே இல்ல" என்றார்.

"நாளைக்கு எட்டரை மணிக்கு வாரேனுங்க பாய்" என்றார் ஞானாபரணம். வாயில் தானாக வந்துவிட்டது.

ரசாக் அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"நாளைக்கு எங்கீங்க போறது, ஞானம்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.